மைக்கை அணைத்து வைத்துக் கேட்ட வகுப்பு

அந்த இயர்போனில் ஒரு காதுதான் வேலை செய்யும். இடது காது. வலது பக்கம் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. எனக்கு அதுவே வசதி. ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவனுக்கு வலது காது கம்பெனிக்கு வேண்டும். சூப்பர்வைசர் கூப்பிடுவது, அடுத்த பண்டல் வந்து விழுவது, நூல் அறுவது எல்லாம் அந்தக் காதுக்கு. இடது காது என்னுடையது. பக்கத்து மிஷின்காரர்கள் பாட்டுக் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்புப் பாடம் கேட்டேன்.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்தவன். கல்யாணம் இங்கேதான். என் மனைவி எங்கள் கம்பெனியிலேயே தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தவள், குண்டடத்துக்காரி. மகள் நாலாவது படிக்கும்போது மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் மகளும் நல்லூரில் ஒரே அறையில் இருந்தோம். அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் தட்டை எடுத்து வைப்பாள், நான் சோறு போடுவேன். அவள் படிப்பாள், நான் படுப்பேன். ஒரே அறையில் இருப்பவர்களுக்குப் பேச்சு அவ்வளவாக வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஊரடங்கு வந்தது. கம்பெனியை மூடினார்கள். கொஞ்ச நாளில் முகக்கவசம் தைக்கத் திறந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் திறக்கவில்லை. பகல் முழுக்கப் பெண்பிள்ளையைத் தனியாக அறையில் விட முடியாது. மனைவியின் அக்கா வந்து குண்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் தினமும் சாயங்காலம் போன் போடுவேன். சாப்பிட்டியா என்பேன். ம் என்பாள். படிச்சியா என்பேன். ம் என்பாள். அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். ஒரே அறையில் பேசாமல் இருப்பது ஒன்று, போனில் பேசாமல் இருப்பது வேறு. போனில் பேச்சு நின்றால் ஆளே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் வகுப்பை ஆப்பில் நடத்தினார்கள். லிங்க் என் போனுக்குத்தான் வரும், என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நான் அதை அக்கா போனுக்கு அனுப்புவேன். ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, லிங்க் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று நானே அழுத்தினேன். உள்ளே போய்விட்டேன். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கதவு திறந்து கிடந்த வீட்டுக்குள் காலை வைத்த மாதிரி இருந்தது. வெளியே வரத் தெரியாமல் அப்படியே இருந்தேன். அப்போதுதான் டீச்சரின் குரலை முதல்முறையாகக் கேட்டேன்.

அந்த வருஷம்தான் அவர் என் மகளுக்கு வகுப்பு டீச்சர். பள்ளி திறக்காததால் நான் அவரை நேரில் பார்த்ததில்லை. வகுப்பிலும் முகம் தெரியாது. படம் வந்தால் நெட் தீர்ந்துவிடும் என்று எல்லாரும் கேமராவை மூடி வைத்திருப்பார்கள். டீச்சர் என்றால் எனக்குக் குரல்தான். கொஞ்சம் கரகரத்த குரல். பின்னால் குக்கர் விசில் அடிக்கும். பக்கத்து வீட்டில் நிட்டிங் மிஷின் ஓடும் சத்தம் எப்போதும் இருக்கும். அவரும் நல்லூரில்தான் எங்கேயோ ஒரு சந்தில் இருந்தார்.

அவர் வருகை எடுக்கும் விதம் வேறு மாதிரி. பெயரைக் கூப்பிட்டால் பிள்ளைகள் 'பிரசண்ட் மிஸ்' என்று சொல்லக் கூடாது. இன்றைக்கு என்ன பார்த்தாய் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை பத்தாது, முழு வாக்கியம். ஒரு பையன் "எங்க சித்தப்பா தலைக்கு டை அடிச்சாருங்க மிஸ், காதும் கறுப்பாயிருச்சு" என்றான். இன்னொரு பெண், வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வாடகைக்கு இருப்பவர்களைத் திட்டியதைச் சொன்னாள். பிறகு என் மகளின் பெயர் வந்தது. "எங்க பெரியப்பா தோட்டத்துல நின்னா கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் தெரியுங்க மிஸ். இன்னைக்கு எல்லாம் சுத்துச்சு, ஒண்ணு மட்டும் சும்மா நின்னுட்டு இருந்துச்சு."

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். என் மகள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தினமும் போனேன். காலையில் அந்த வேளைக்கு இயர்போனை மாட்டிக்கொள்வேன். மகளின் முறை வரும்வரை கை தைக்கும். அவள் பேசும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவேன். அப்படித்தான் எனக்கு அவளுடைய நாள் தெரிந்தது. ஆட்டுக்குட்டி கிளுவை வேலியில் மாட்டிக்கொண்டது. முருங்கைக்காய்க்கு விலை இல்லையென்று பெரியப்பா மாட்டுக்குப் போட்டார். பெரியம்மா அவளுக்குத் தலைசீவும்போது கை வலிக்கிற மாதிரி இழுக்கிறார். சாயங்காலம் போனில் இதில் ஒன்றும் வராது. சாப்பிட்டியா. ம்.

ஒரு வாரம் போயிருக்கும். டீச்சர் போன் செய்தார்.

"பொண்ணு அவங்க பெரியம்மா போன்ல வந்துர்றா. உங்க போன்ல இருந்து இன்னொருத்தரும் வர்றாங்களே, யாருங்க அது?"

"நான்தாங்க."

"எதுக்குங்க?"

கேட்டுக்கிட்டு இருந்தேன் என்று மட்டும் சொன்னேன். எதைக் கேட்டேன் என்று அவர் விசாரிக்கவில்லை.

"சரிங்க. மைக்கை மட்டும் அணைச்சு வெச்சுக்குங்க. மிஷின் சத்தம் வகுப்புக்கு வருது."

அனுமதி அவ்வளவுதான். மைக்கை அணைக்க எந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதை அவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து என் மகளின் முறை வரும்போது, "சத்தமாச் சொல்லு கண்ணு, தூரத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கோணும்" என்பார். மற்ற பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

மகளுக்கு நான் இருப்பது தெரியாது. ஒரு நாள் அவள் சொன்னாள்: "எங்கப்பா தினமும் போன் பண்றாருங்க மிஸ், ஆனா ஒண்ணும் பேச மாட்டாரு." பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "நீ பேசு. அவர் கேப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அன்று நான் தைத்ததில் பாதி ஆல்டருக்குத் திரும்பி வந்தது. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்து குரூப்பில் ஒரு சேதி வந்தது. அந்த ஆப்பை நடத்தும் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது, வகுப்புகள் இனிமேல் அதன் வழியாக நடக்கும், பழைய லிங்க் வேலை செய்யாது என்று. தேநீர் நேரத்தில் எங்கள் காண்ட்ராக்டர் பாயிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கம்பெனி கை மாறுது. இதுக்கு எதுக்குய்யா மூஞ்சியத் தொங்கப் போடுற? நம்ம கம்பெனியும்தான் கை மாறுச்சு. என்ன ஆச்சு? போர்டுல மொதலாளி பேரை அழிச்சுட்டு புது மொதலாளி சம்சாரம் பேரை எழுதினாங்க. கேட்டுல வாட்ச்மேனை மாத்தினாங்க. நீ அதே மிஷின், நான் அதே பாய்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் கம்பெனி விற்றபோது ஒரு பூஜை போட்டார்கள், ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள், திங்கட்கிழமை அதே மிஷினில் உட்கார்ந்தோம். புது வாட்ச்மேன் சில நாள் கார்டைக் காட்டச் சொன்னார். பிறகு முகம் பழகிவிட்டது. திருப்பூரில் கம்பெனி கை மாறுவது அப்படித்தான். அதனால் நான் கவலைப்படவில்லை. புது லிங்க் வரும், அழுத்தினால் திறக்கும் என்று இருந்தேன்.

லிங்க் வந்தது. திறக்கவில்லை. பள்ளி கொடுத்த ஐடி கேட்டது. ஐடி பிள்ளைக்கு ஒன்றுதான். அதை மகள் வகுப்புக்கு வரும் பெரியம்மா போனுக்கே அனுப்பியிருந்தார்கள். மூன்று நான்கு நாள் அழுத்திப் பார்த்தேன். இந்த வாட்ச்மேனுக்கு முகம் பழகாது என்று புரிந்தது.

டீச்சரே கூப்பிட்டார். முன்பெல்லாம் யாரை உள்ளே விடுவது என்பது அவர் கையில் இருந்தது. இப்போது பள்ளி ஆபீஸில் பட்டியல் வைத்திருக்கிறார்கள், பட்டியலில் இல்லாதவர் வந்தால் ஆபீஸுக்கே தெரிந்துவிடும் என்றார். எங்கேயோ ஒரு வகுப்பில் வெளியாள் நுழைந்து கண்ட படத்தையும் போட்டுவிட்டானாம், அதனால் இந்தக் கட்டுப்பாடு நல்லதுதான் என்றும் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் மகள் இருக்கும் இடத்துக்கு முன்பின் தெரியாதவன் வரக் கூடாது. நானும் பட்டியலில் இல்லாதவன்தானே.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க இத்தனை நாள் இருந்ததை அவகிட்டச் சொல்லிருங்க. அவளுக்குத் தெரியாம நானும் சேந்து மறைச்சது உறுத்தலா இருக்குதுங்க."

பஸ் ஓட ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டடம் போனேன். மகள் வளர்ந்திருந்தாள். வாங்கப்பா என்றாள். பேச்சில் அவள் அம்மாவின் ஊர் வந்திருந்தது. சாப்பிட்ட பிறகு, சிக்னல் கிடைக்கும் இடம் என்று ஆட்டுப்பட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அங்கேதான் கல்லின் மேல் உட்கார்ந்து வகுப்பைக் கவனிப்பாளாம். நானும் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். அங்கிருந்து காற்றாடிகள் தெரிந்தன. அவள் சொன்னபடியே இருந்தன. அப்போது சொன்னேன். நான் உங்க வகுப்புல இருந்தேன், தினமும் நீ சொல்றதைக் கேட்டேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்று நினைக்கிறேன். வெட்கமாகவும் இருக்கலாம்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"அம்மாவப் பத்திச் சொன்னதையுமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்று கேட்ட ஞாபகம் இல்லை. எப்போது சொன்னாய் என்றேன். போன வாரம் என்றாள். போன வாரம் நான் வெளியே இருந்தேன்.

"அதை நான் கேக்கல தாயி. உள்ள விடல. என்ன சொன்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஆட்டுப் புழுக்கையை உதைத்தாள். ஒண்ணுமில்லீங்க என்றாள். பெரியம்மா கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். யாரும் கூப்பிடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. போய்ட்டு வாங்க என்று வாசலில் நின்று சொன்னாள்.

அவள் அம்மா போனதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சேலைகளைக் கட்டி மேலே போட்டேன். படத்தை மாட்டினேன். அவ்வளவுதான். பேசினால் பிள்ளை அழும் என்று நினைத்தேன். பிள்ளையும் என்னை அப்படியே நினைத்திருக்கும். இத்தனை வருஷம் கழித்து அவள் அம்மாவைப் பற்றி வாய் திறந்திருக்கிறாள். ஒரு வகுப்பே கேட்டிருக்கிறது. சித்தப்பா தலைக்கு டை அடித்ததைச் சொன்ன பையன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. பஸ்ஸில் பல்லடம் வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அடுத்து நடந்ததும் அந்தப் பெரிய கம்பெனியின் வசதியால் வந்ததுதான். பழைய ஆப்பில் ஒரு வகுப்புக்கு மேல் தாங்காது. புதியதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். வருகையை அதுவே எடுத்துக்கொள்ளும். அப்படியானால் அந்தப் பள்ளியின் எல்லாக் கிளைக்கும் எட்டாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் போதுமே என்று நிர்வாகத்துக்குத் தோன்றியிருக்கிறது. பெரிய கிளையின் டீச்சர் எல்லாருக்கும் சேர்த்து எடுத்தார். நன்றாகவே எடுத்தாராம். நல்லூர் கிளையில் இருந்த டீச்சர்களைப் பள்ளி திறக்கும்வரை சம்பளமில்லாமல் பொறுத்திருக்கச் சொன்னார்கள். பழைய வகுப்பின் பதிவுகள் எதுவும் புதியதற்கு மாறி வரவில்லை என்றும் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் காலையில் உள்ளே போனால் போதும், பெயர் பதிவாகிவிடும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. யாரும் கெட்டது செய்யவில்லை. ஆனால் அத்தனை பிள்ளைகளும் அன்று பார்த்ததை யாரிடமும் சொல்லாமலே பாடத்துக்குப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் கம்பெனியில் என் வலது காதில் அந்தக் குரல் விழுந்தது.

"இது எந்த லைன் பண்டலுங்க? தையல் விட்டிருக்குது."

திரும்பினேன். செக்கிங் டேபிளில் ஒரு அம்மா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். முகக்கவசம், சேலைக்கு ஒழுங்காகப் பின் குத்தியிருந்தார். கையில் நான் தைத்த பீஸ். அந்த வருஷம் எத்தனையோ டீச்சர்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார்கள், அதனால் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. நான் எழுந்துபோய் பீஸை வாங்கினேன். சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னேன். குண்டடத்துப் பொண்ணோட அப்பா நான்தாங்க என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மிஷினைப் பார்த்தார்.

"இந்த மிஷின்தானுங்களா அது? முதல்ல நாலு நாள் எங்க ஊட்டு மிக்ஸிதான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேனுங்க."

நான் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தது. அவரும் சிரித்திருப்பார், முகக்கவசத்துக்குள் தெரியவில்லை. அவர் வந்து அந்த டேபிளில் நிற்பதில் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அவருக்கு இல்லை. வேலைங்க, வந்துருக்கறேன் என்றார். பீஸைத் திருப்பும்போது எந்தத் தையல் என்று விரலை வைத்துக் காட்டுவார். என் மனைவி காட்டுவதும் அப்படித்தான். செக்கிங்கில் இருக்கும் எல்லாரும் அப்படித்தான் காட்டுவார்கள்.

கேட்பதற்கு எனக்குப் பல நாள் ஆனது. ஒரு தேநீர் நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்டேன். என்னை உள்ளே விடாத வாரத்தில் மகள் அவள் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னாளாமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று.

"இருக்குதுங்க. நல்லாவே இருக்குது."

அவர் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா அது உங்ககிட்டச் சொன்னதில்லீங்க. அன்னைக்கு நீங்க அங்க இல்லைன்னு அவளுக்குத் தெரியாது, அதுக்கு முன்ன இருந்தீங்கன்னும் தெரியாது. அவ எங்களுக்குச் சொன்னா. நான் எடுத்துக் குடுத்தா தப்பாயிரும்."

"சரிங்க."

"கோவிச்சுக்கிட்டீங்களா?"

"இல்லீங்க."

கோபம் இல்லை. அவர் சொல்லியிருந்தால் இனிமேல் என் மகள் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. அது எனக்கும் தெரிந்தது. மணி அடித்துவிட்டது. எல்லாரும் மிஷினுக்குத் திரும்பினார்கள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க அவகிட்ட அவங்கம்மாவப் பத்தி என்ன சொல்லியிருக்கறீங்க? அதை மொதல்ல பாருங்க."

அன்று சாயங்காலம் போன் போட்டேன். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. என்ன சொல்வதென்று மிஷினில் உட்கார்ந்தே யோசித்து வைத்திருந்தேன். உங்கம்மா செக்கிங்குக்கு வந்த முதல் நாள், நான் தைத்த பண்டல் முழுக்க டேமேஜ் என்று திருப்பி விட்டாள் என்றேன். மகள் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்புறங்கப்பா?" என்றாள்.

அப்புறம் நான் சண்டைக்குப் போனேன், அவள் பீஸை என் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினாள், தையல் விட்டுத்தான் இருந்தது. அதையும் சொன்னேன். ஒரு நாளைக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளி திறந்ததும் டீச்சர் போய்விட்டார். பழைய பள்ளிக்கு இல்லை, ஊத்துக்குளிப் பக்கம் வேறு பள்ளிக்கு என்றார்கள். போகிற அன்று நான் லீவு. செக்கிங் டேபிளில் அடுத்த வாரம் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி நின்றாள். டீச்சரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டதில்லை. என்ன பேசுவது. இந்தச் சீசனில், ஆப்பை வாங்கிய அந்தப் பெரிய கம்பெனியையும் யாரோ வாங்கப் போகிறார்கள் என்று பாய் பேப்பரில் பார்த்துச் சொன்னார். யாருக்கு என்ன ஆகும் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். நல்லூர் அறையில் நான் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிடுவாள். நான் அவள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்வேன். அப்புறம் என்பாள். சேர்ந்து இருந்தது கொஞ்ச வருஷம், அதில் பாதி ஷிப்டில் போனது. சொல்ல இருப்பதும் கொஞ்சம்தான். போன மாதம் ஒன்றை இரண்டாவது தடவையாகச் சொல்லிவிட்டேன். பாதியில்தான் எனக்கே தெரிந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. முதல் தடவை கேட்பவளைப் போலவே கேட்டாள். அந்த வகுப்பில் அவள் அம்மாவைப் பற்றி என்ன சொன்னாள் என்று இன்னும் எனக்குத் தெரியாது.